நல்ல காலின் அளவு

மேஸ்திரிக்கு இரண்டு முட்டியும் போய்ப் பல வருஷமாகிறது. டைல்ஸ் போடுகிறவன் நாள் முழுக்க மண்டி போட்டுத்தான் நகர வேண்டும். பழைய டயரை வெட்டி, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து முட்டியில் கட்டிக்கொள்வார். அப்படியும் பொழுது சாய்ந்து எழுந்து நிற்கும்போது இரண்டு முட்டியும் எண்ணெய் காணாத கதவு மாதிரி சத்தம் போடும். அதற்காக அவர் எந்த டாக்டரின் வாசலையும் மிதித்ததில்லை. வெந்நீர் ஊற்றுவார், வலி மாத்திரை ஒன்றை முழுங்குவார், மறுநாள் வேறொருத்தர் வீட்டுக் குளியலறையில் போய் மண்டி போடுவார். ஆகவே மகளுக்கு முட்டியில் ஜவ்வு அறுந்து, ஆபரேஷனும் முடிந்து, அதற்குப் பிறகும் ஒரு டாக்டர், ஒரு பிசியோ என்று இரண்டு பேர் சேர்ந்து அந்த ஒரே முட்டியைப் பார்ப்பார்கள் என்றபோது அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே எரிச்சலும் வந்தது.

மகள் வாலிபால் ஆடுகிறவள். வீட்டில் பாப்பா, மைதானத்தில் நெட்டை. வலைக்கு முன்னால் எம்பினாள் என்றால் எதிர்ப்பக்கத்துப் பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். துறைமுகத்து அணிக்காரர்கள் அவள்மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள். அந்த அணியில் எடுத்துக்கொண்டால் வெறும் பனியனும் காலணியும் இல்லை, துறைமுக அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார்கிற வேலை, அப்புறம் பென்ஷன். ஆளெடுப்பு வருஷத்துக்கு ஒரு தடவைதான். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இந்த நேரம் பார்த்து, ஒன்றுக்கும் உதவாத ஒரு பயிற்சி ஆட்டத்தில் எம்பி இறங்கியவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சென்றால் அந்த முட்டிதான். தெருவில் போகிறவர்கள்கூட முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டார்களே தவிர, பெண் எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

விளையாட்டுக்காரர்களுக்கென்றே இருந்த அந்த மருத்துவமனை ஒரு துணிக்கிடங்கின் மாடியில் இருந்தது. ஒரு பக்கம் டாக்டரின் அறை. மேஜை, படுக்கை, படத்தை மாட்டிப் பார்க்கிற வெளிச்சப் பெட்டி. இன்னொரு பக்கம் நீளமான ஹால். கம்பிகள், ரப்பர் பட்டைகள், பெரிய பெரிய பந்துகள், தரையில் வெள்ளைப் பெயிண்டால் இழுத்த ஒரு கோடு. அது பிசியோவின் ராஜ்யம். டாக்டர் பார்ப்பது ஒரு டீ ஆறுகிற நேரம். பிசியோ பார்ப்பது வேர்த்து ஒழுகும்வரை.

“ரெண்டு பேர்ல யாரு மேடம் சொல்றது சட்டம்?” என்று முதல் வாரமே கேட்டுவிட்டார் மேஸ்திரி.

பிசியோ குட்டையான பெண். முப்பது வயதிருக்கும். பாப்பாவின் குதிகாலைப் பிடித்து மடக்கிக்கொண்டே பதில் சொன்னாள். “முட்டிக்குள்ள என்ன ஆச்சு, என்ன மருந்து, எப்ப எதைச் செய்யலாம், எப்ப ஆட விடலாம், இதெல்லாம் பாக்குறது டாக்டர். அந்த எடத்துக்குக் காலைக் கொண்டுபோய்ச் சேக்குறது நான்.”

“அப்ப அவரு இஞ்சினியரு, நீங்க கொத்தனாரு.”

“அப்படியே வச்சுக்கங்க. ஆனா இங்க, செவுரு இன்னும் காயலைன்னு கொத்தனாரு சொன்னா இஞ்சினியரு அதுக்கு மேல கட்டச் சொல்ல மாட்டாரு.”

மேஸ்திரி தம் வாழ்நாளில் அப்படி ஓர் இஞ்சினியரைப் பார்த்ததில்லை. அதனால் நம்பவும் இல்லை. வீட்டில் அவளுக்கு அவர் வைத்த பெயர் ‘கால் பிடிக்கிறவ’.

கொத்தனார் சொல்லி இஞ்சினியர் கேட்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்தார். மகளுக்குச் சீக்கிரம் பலம் வரட்டும் என்று, வீட்டு மாடிப்படியில் அரை மூட்டை சிமெண்டைத் தோளில் ஏற்றி அவளை ஏறி இறங்க வைத்திருந்தார். மறுநாள் காலை பிசியோ புறங்கையை முட்டியில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

“சூடா இருக்கே. வீட்ல என்ன பண்ணினே?”

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். “ஒண்ணும் பண்ணலக்கா.”

பிசியோ போய் டாக்டரைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் முட்டிச் சில்லைச் சுற்றி அழுத்திப் பார்த்தார், ஊசி போட்டு உள்ளே கோத்திருந்த நீரை எடுத்தார். “குதிக்கறது, படி ஏறுறது எல்லாத்தையும் நிறுத்துங்க” என்று சொன்னது பாப்பாவிடம் இல்லை, பிசியோவிடம்.

“காலை நீட்டி வச்சுத் தொடையை இறுக்கறது மட்டும் குடுக்கட்டுமா டாக்டர்?”

“குடுங்க. வீக்கம் வடியறதைப் பாத்து மத்ததை நீங்களே முடிவு பண்ணுங்க. திரும்பவும் சூடு தெரிஞ்சா உடனே எனக்குச் சொல்லுங்க.”

அன்று ராத்திரி சோற்றில் கை வைத்தபடியே மேஸ்திரி பொருமினார். “ஒரு ஆளுன்னா கையக்காலப் பிடிச்சுச் சரிக்கட்டிரலாம்டி. இது ஒரு கதவுக்கு ரெண்டு பூட்டு. அவன் தொறந்தா இவ தொறக்க மாட்டா, இவ தொறந்தா அவன் தொறக்க மாட்டான்.”

மனைவிக்கு ஒரு மாணவர் விடுதிச் சமையற்கட்டில் வேலை. எத்தனை சோப்புப் போட்டாலும் அவள் விரலில் வெங்காய வாசம் போகாது. “பூட்டு எத்தனை இருந்தா என்ன, ஆளெடுப்புக்கு முன்னாடி தொறக்கணும்” என்றாள்.

ஆளெடுப்பு நெருங்கி வந்தது. ஒருநாள் ஹாலில் ஒரு கால்பந்துக்காரப் பையனைப் பிசியோ வெள்ளைக் கோட்டில் நிறுத்தி ஒற்றைக் காலால் தாண்டச் சொன்னாள். முதலில் நல்ல காலால், பிறகு அடிபட்ட காலால். டேப் வைத்து இரண்டையும் அளந்துவிட்டு, “பத்துக்கு ஏழுதான் வருது. ஆட முடியாது, போய் இன்னும் ரெண்டு மாசம் வேலை செய்” என்று அனுப்பிவிட்டாள். அந்தப் பையன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போனான். மேஸ்திரி டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த பிசியோவிடம் போனார்.

“எங்க பாப்பாவுக்கும் இது உண்டா மேடம்?”

“அடுத்த வாரம். நல்ல காலால எவ்வளவு தாண்டுறாளோ அதுல பத்துல ஒன்பது பங்காவது அந்தக் காலாலயும் தாண்டணும். இன்னும் ஒண்ணு ரெண்டு பரிசோதனை இருக்கு. எல்லாம் வந்தா நான் டாக்டருக்கு எழுதுவேன். அவரு ஜவ்வைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுவாரு.”

“இத்தனை அடின்னு எல்லாருக்கும் ஒரே அளவா வச்சுட்டா என்ன?”

“ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு உசரம், ஒவ்வொரு பலம். அவங்கவங்க நல்ல காலுதான் அவங்கவங்களுக்கு அளவுகோல்.”

அன்று சாயங்காலமே மேஸ்திரி மகளை மொட்டை மாடிக்கு ஏற்றினார். கோடைக்காலம். சூரியன் போன பிறகும் தளம் சுட்டுக்கொண்டிருந்தது. சாக்கட்டியால் கோடு போட்டு, டேப்பை விரித்தார். நல்ல காலால் அவள் பாய்ந்ததைப் பார்த்து அவருக்கே பெருமை பொங்கியது. அடிபட்ட காலால் பாய்ந்தபோது பெருமை பொசுக்கென்று அடங்கிவிட்டது. எத்தனை தடவை பாய்ந்தாலும் பத்துக்கு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் நின்றது.

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தார். அப்போதுதான் அவருடைய தொழில் புத்தி வேலை செய்தது. பழைய வீடுகளில் எந்த அறையும் சதுரமாக இருக்காது. ஒரு மூலை இழுத்துக்கொண்டு நிற்கும். அதைச் சரிசெய்ய முடியாது. ஆனால் எதிரே நன்றாக இருக்கிற மூலையில் டைல்ஸைக் கொஞ்சம் குறைத்து வெட்டிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்று போலத் தெரியும். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, என்ன கை மேஸ்திரி உமக்கு என்பார். இப்படி எத்தனை வீடுகளில் நல்ல மூலையை வெட்டியிருக்கிறார்!

“அந்தக் காலைக் கூட்ட முடியாது. இந்தக் காலைக் குறை” என்றார்.

“என்னப்பா சொல்றே?”

“நல்ல காலால இந்தக் கோடு வரைக்கும்தான் தாண்டணும். ஒரு நூல் கூடப் போகக் கூடாது. அந்தக் காலால உயிரைக் குடுத்துத் தாண்டு. பத்துக்கு ஒன்பது தானா வரும்.”

பாப்பாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. “அக்கா கண்டுபிடிச்சிரும்பா.”

“அவ டேப்பைப் பாப்பாளா, ஒன் மனசுக்குள்ள பூந்து பாப்பாளா?”

“வேணாம்பா. அக்காவுக்குத் தெரிஞ்சா ரொம்ப வருத்தப்படும்.”

“அவ வருத்தப்பட்டா ஒனக்கென்ன? அவளா வந்து சோறு போடப் போறா?”

குறைத்துத் தாண்டுவது சுலபமென்று நினைத்தார். இல்லை. எட்டு வயதிலிருந்து உயரத்துக்கும் தூரத்துக்கும் பழகிய கால், பாய் என்றால் பாய்ந்துவிடுகிறது. கோட்டைத் தாண்டி விழுந்தபோதெல்லாம் மேஸ்திரி மட்டப்பலகையால் அவள் நல்ல தொடையில் ஓர் அடி போட்டார். “ஒன்னை யாருடி நல்லாத் தாண்டச் சொன்னது?” என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு தடவை கேட்டார். தானே முழுசாகத் தாண்டி, அதற்காக அடி வாங்கி, திரும்ப வந்து கோட்டில் நின்றாள் அந்தப் பெண். கையை வீசாமல் இருக்க இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கால் கோழையானது.

மனைவி தட்டில் அவித்த முட்டையோடு மேலே வந்தாள். மகளின் தொடையைப் பார்த்தாள்.

“செவந்துபோச்சு பாருங்க. தொடையில அடிக்காதீங்க. அந்தப் பொண்ணு பாத்துரும்.”

பாப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா முட்டையை உரித்து அவள் வாயில் வைத்தாள். “ஒரு நாள் கூத்துதானே கண்ணு. வேலை மட்டும் கெடைச்சுட்டா, அப்புறம் காலை நீட்டி ஒக்காந்துக்க. முழுங்கு.”

பரிசோதனை அன்று பாப்பா நீளக் கால்சட்டை போட்டுப் போனாள். நல்ல காலால் தாண்டினாள். சாக்கட்டிக் கோடு அங்கே இல்லாவிட்டாலும் கால் அந்த இடத்தில் போய் நின்றது. பிசியோ டேப்பைப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

“என்ன பாப்பா, இவ்வளவுதானா? நீ இதுக்கு மேல போவேன்னு நெனச்சேனே.”

“படுத்தே கெடந்தா மேடம். இந்தக் காலும் எளச்சுப்போச்சு” என்றார் மேஸ்திரி.

“அப்படியும் ஆகும்தான்” என்றாள் பிசியோ, அரை மனசாக. இன்னொரு தடவை தாண்டச் சொன்னாள். அதே இடம். அடிபட்ட காலால் பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தாள். பத்துக்கு ஒன்பது தாண்டிவிட்டது. மேஸ்திரி மூச்சு விட்டார். பிசியோ மட்டும் தரையில் குந்தி, திரும்பத் திரும்ப அவளைத் தாண்டச் சொல்லி, இறங்குகிற முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வந்து, கெண்டைக்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார். “ஜவ்வு கெட்டியா இருக்கு. உங்க கணக்கு?”

“கணக்கு வந்திருச்சு டாக்டர். ஆனா எறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயுது. எனக்கு மனசு ஒப்பலை.”

“எவ்வளவு நாள் கேக்குறீங்க?”

“ஆறு வாரம்.”

“ஆளெடுப்பு முடிஞ்சிருமே சார்!” மேஸ்திரி டாக்டரின் காலில் விழாத குறைதான். “அவ வாழ்க்கையே போயிரும் சார். அளவு வந்திருச்சுன்னு மேடமே சொல்றாங்களே.”

டாக்டர் யோசித்தார். “நான் பாத்ததும் சரியா இருக்கு. நீங்க அளந்ததும் சரியா இருக்கு. மனசு ஒப்பலைன்னு ஒரு பொண்ணோட வேலையை எப்படி நிறுத்துறது?”

பிசியோ பாப்பாவின் பக்கம் திரும்பி, அவள் தோளில் கை வைத்தாள். “பாப்பா, எனக்காக ஒண்ணு சொல்லு. ரெண்டு காலாலயும் முழு பலத்தோடதானே தாண்டினே?”

மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

“ஆமாக்கா” என்றாள் பாப்பா. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ஆளெடுப்பு தகரக் கூரை போட்ட உள்ளரங்கில் நடந்தது. வெயிலில் கூரை படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. பாப்பா மூன்று தடவை எம்பினாள். மூன்று தடவையும் பந்து எதிர்ப்பக்கத்துத் தரையில்தான் விழுந்தது. துறைமுகத்துக் கோச் பக்கத்தில் இருந்தவரிடம் என்னவோ சொல்லித் தலையை ஆட்டியதை மேஸ்திரி கண்ணாரக் கண்டார். நான்காவது தடவை எம்பி, அடிபட்ட காலில் இறங்கினாள். முட்டி உள்பக்கம் சாய்ந்தது. சத்தம் மேஸ்திரி உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது.

அவர் ஓடிப்போய்க் கோட்டுக்கு வெளியே நின்றார். நொண்டி ஓடியவருக்கு மூச்சு வாங்கியது. மகளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, “எந்திரி.”

“முடியலப்பா.”

“எந்திரிடி. அவங்க பாக்குறாங்க. ஒண்ணுமில்லைன்னு சொல்லி எந்திரி.”

பாப்பா எழுந்தாள். அப்பா சொல்லி அவள் செய்யாதது ஒன்று உண்டா? எழுந்து ஓரடி வைத்தாள். முட்டி அதன் பாட்டுக்குப் பக்கவாட்டில் மடங்கியது. கோச் விசிலை ஊதினார். இரண்டு பேர் அவளைத் தூக்கிச் சுவரோரம் போட்டார்கள். இன்னொருத்தன் அவள் வேர்வை சிந்திய இடத்தைத் துணியால் துடைத்தான். “அடுத்த பொண்ணு வா” என்றார் கோச்.

மறுநாள் டாக்டர் கெண்டைக்காலைப் பிடித்து இழுத்தபோது அது மேஜை இழுப்பறை மாதிரி வந்தது. புது ஜவ்வும் போய், உள்ளே மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பும் நசுங்கிவிட்டது என்றார். “நடக்க வைக்கலாம். வலைக்கு முன்னாடி இனி இல்லை.”

மேஸ்திரிக்குக் காதில் பாதிதான் ஏறியது. ஏறிய பாதியே அவரை வெறியாக்கியது. ஹாலுக்கு வந்து, பயிற்சிக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். “கால் பிடிக்கிறவளை நம்பி என் பொண்ணைக் குடுத்தேன். அளக்கத் தெரியாதவ கையில டேப் எதுக்கு? பாஸ் ஆயிட்டான்னு சொன்னது இவதானே!”

“சத்தம் போடாதீங்க. கையெழுத்துப் போட்டது நான்” என்றார் டாக்டர்.

“நீங்க யாரை நம்பி சார் போட்டீங்க? இவ குடுத்த கணக்கை நம்பித்தானே? உங்களையும் சேத்துல்ல ஏமாத்தியிருக்கா!”

டாக்டர் ஒரே ஒரு தடவை பிசியோவின் பக்கம் திரும்பிப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்தவர்கள். இவள் சொன்ன எந்தக் கணக்கையும் அவர் அதுவரை அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. பிசியோவின் முகம் செத்துப்போயிற்று.

“நான்தான் அளந்தேன்” என்றாள். “தப்பு இருந்தா அது என்னோடது.”

“கேட்டீங்களா? அவ வாயாலேயே சொல்லிட்டா. இவளை வெளிய அனுப்புங்க சார். இன்னொரு வீட்டுப் பொண்ணு காலை ஒடைக்கறதுக்கு முன்னாடி அனுப்புங்க.” மேஸ்திரிக்கு அந்த நேரத்தில் தாம் சொல்வது அத்தனையும் நிஜமென்றே பட்டது. அதுதான் கொடுமை.

சுவரோரம் அம்மாவோடு நின்றிருந்த பாப்பா, ஊன்றியிருந்த கைக்கட்டையை அம்மாவிடம் நீட்டினாள். “பிடிம்மா.”

“எதுக்குடி?”

“பிடி.”

நல்ல காலால் தத்தித் தத்தி வெள்ளைக் கோட்டுக்குப் போனாள். “பாப்பா, வேணாம், ஒக்காரு!” என்று பிசியோ ஓடி வருவதற்குள் இரண்டு கையையும் பின்னால் வீசி, ஒற்றைக் காலால் பாய்ந்தாள். அப்படி ஒரு பாய்ச்சலை அந்த ஹால் பார்த்திருக்காது. வந்து இறங்கிய கால் ஆடவில்லை, அசையவில்லை. உடம்புதான் நிலைதவறி, கெட்டுப்போன கால் தரையில் பட்டது. அவள் அலறிய அலறலில் ரப்பர் பட்டை இழுத்துக்கொண்டிருந்த ஒருவன் அதைக் கைநழுவ விட்டுவிட்டான்.

டாக்டர் முட்டியைப் பிடித்தார், பிசியோ முதுகைத் தாங்கினாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் அவளை மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். மேஸ்திரி நின்ற இடத்திலேயே நின்றார். டேப் தேவைப்படவில்லை அவருக்கு. கோட்டுக்கும் அவள் இறங்கிய இடத்துக்கும் எத்தனை அடி, எத்தனை விரல் என்று அந்தப் பாழாய்ப்போன கண் தானாக அளந்துவிட்டது.

“இதுதான்க்கா என் நல்ல காலு” என்றாள் பாப்பா, மூச்சுக்கு நடுவில். “அன்னிக்கு உங்ககிட்ட காட்டினது பொய். குறைச்சுத் தாண்டச் சொல்லி அப்பா அடிச்சு அடிச்சுப் பழக்குனாரு. நானும் பழகிட்டேன்.”

பிசியோ அவளைத் திட்டுவாள் என்று மேஸ்திரி எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அவளோ, “என்னைப் பாத்து ஆமான்னு சொன்னியேடி” என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டுப் பாப்பா முதல் தடவையாக அழுதாள். முட்டி போனதற்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

மேஸ்திரி ஓரடி கிட்டே போனார். “பாப்பா…”

“அவரை வெளிய இருக்கச் சொல்லுங்க” என்றாள் மகள், டாக்டரிடம்.

நடையில் கிடந்த பெஞ்சில் அவர் உட்கார்ந்தார். உள்ளே இரண்டு பேரும் பேசுவது கேட்டது. டாக்டர், முதலில் வீக்கம் வடியட்டும், அப்புறம் சர்ஜனிடம் அனுப்புவோம் என்றார். பிசியோ, அதுவரை தொடை இளைக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். பழைய குரல் இல்லை இரண்டு பேருக்கும். ஆனாலும் வேலையைப் பற்றித்தான் பேசினார்கள். வெகுநேரம் கழித்து மனைவி கைக்கட்டையோடு வெளியே வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“என்ன சொல்றாங்க?”

“நடப்பாளாம்.”

அப்படியும் அவர் நாக்கு நிற்கவில்லை. “இன்னொரு ஆபரேஷன் பண்ணினா ஆட முடியாதாமா? வேற ஏதாச்சும் அணி, வயசு பாக்காத அணி…”

மனைவி அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அவரைப் பார்த்ததில்லை.

“இன்னொரு காலு இன்னும் முழுசா இருக்கு” என்றாள். “முட்டை அவிச்சுத் தர நானும் இருக்கேன். அந்தக் காலை என்ன பண்றதா உத்தேசம்னு சொல்லிருங்க.”

சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் கைக்கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.